சாதுவன் கொணர்ந்த பொருள் யாருடையது?

மணிமேகலையின் 30 காதைகளுள் 16ஆவதாக நிற்பது ஆதிரை பிச்சையிட்ட காதை. தமிழாசிரியராகிய நாம் இதனைக் கற்பின் காதையாகவே கற்பித்து வருகிறோம். தீயும் தீண்ட அஞ்சிய ஆதிரை, அமுதசுரபியில் முதற்பிச்சை இட்ட ஆதிரை என்று மாணவர் மனத்தில் அவள் உருவத்தை எழுதிவிட்டு, அடுத்த காதைக்குச் சென்றுவிடுகிறோம். அங்ஙனம் கற்பிப்பதிற் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், காதையின் இறுதியில் சாத்தனார் சில அடிகளிற் சொல்லிக் கடந்துவிடும் ஒரு செய்தி நம் கண்ணிற் படாமலே போகின்றது. அது பொருளைப் பற்றிய செய்தி. அதுவும் இறந்துபட்டாருடைய பொருளைப் பற்றிய செய்தி. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அழுகை ஓய்ந்த மறுநாளே எழுந்து நிற்கும் கேள்வி பொருட்கேள்விதான். ஆதலின் அவ்வடிகளின்முன் ஒருமுறை நின்று நோக்குதல் நம் கடமை என்று கருதுகிறேன்.

காதையின் போக்கு

கதையை முதலில் நினைவுகூர்வோம். காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவன் தன் மனைவி ஆதிரையைப் பிரிந்து ஒரு கணிகையின் வீட்டில் வாழ்கிறான். சூதில் கைப்பொருள் முழுவதையும் தொலைக்கிறான். பொருளில்லாதவனைக் கணிகை வெளியேற்றுகிறாள். அதன்பின் கடல் வணிகரோடு சேர்ந்து கப்பலேறுகிறான். நடுக்கடலிற் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு மிதந்து, ஆடையற்ற நாகர் வாழும் மலையை அடைகிறான். அவ்விபத்தில் வேறு வழியாய்த் தப்பியவர் சிலர் ஊர் திரும்பி, ‘சாதுவனும் மற்றவரோடு மாண்டான்’ என்று உரைக்கின்றனர். அச்சொல்லைக் கேட்ட ஆதிரை ஊராரை வேண்டிச் சுடலையில் தீ வளர்க்கச் செய்து அதனுட் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அவள் கணவன் உயிரோடிருக்கிறான் என்றும், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் திரும்புவான் என்றும் வானில் ஒரு குரல் எழுகின்றது. ஆதிரை வீடு திரும்பி, இடைவிடாது அறம் செய்து காத்திருக்கிறாள்.

அங்கே சாதுவன் நாகர் மொழியை அறிந்தவன் ஆதலால் உயிர் தப்புகிறான். நாகர் தலைவனுக்கு நல்வினை தீவினைகளை விளக்கி, கப்பல் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதிருக்கும்படி இசைவிக்கிறான். மனம் மாறிய தலைவன், முன்பு பலமுறை கலம் கவிழ்ந்து வந்தவர்களைத் தாங்கள் தின்றதையும், அவர்களுடைய பொருள்கள் இன்னும் தங்களிடம் குவிந்து கிடப்பதையும் ஒளியாமற் கூறுகிறான். மணமுள்ள மரங்கள், மெல்லிய துணிகள், உயர்ந்த செல்வக் குவியல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுமாறு சாதுவனிடம் கொடுக்கிறான். சாதுவன் அவற்றை எடுத்துக்கொண்டு சந்திரதத்தன் கப்பலேறி ஊர் வந்து, ஆதிரையோடு இல்லறம் நடத்திப் பல தானங்கள் செய்தான் என்று காதை முடிகின்றது.

எடுத்துக்கொண்டான், ஊர் வந்தான், வாழ்ந்தான், தானம் செய்தான். இந்த நான்கு வினைகளுக்கும் இடையில் ஐந்தாவதாக ஒரு வினை இருந்திருக்க வேண்டும் அன்றோ? அந்தப் பொருளின் உரியவர் யார் என்று அவன் உசாவினானா? அந்த அகிலும் துகிலும் வானத்திலிருந்து வீழ்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வணிகன் முதல் போட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிய சரக்கு. அவ்வணிகனும் ஏதோ ஓர் ஊரில் ஒருத்தியை வாயிலில் நிறுத்திவிட்டு வந்தவன். ஆதிரைக்கு வானத்துக் குரல் வந்தது. அந்தப் பெண்களுக்கு ஒரு குரலும் வரவில்லை. அவர்கள் கணவன்மார் விட்டுச்சென்ற பொருளோ ஆதிரையின் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது.

பெயர் பொறித்த பொதிகள்

உரியவரைக் கண்டறிய வழி இல்லை என்று எவரேனும் கூறலாம். இரட்டைக் காப்பியங்களுள் மற்றொன்றாகிய சிலப்பதிகாரமே இதற்கு விடை தருகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தைப் பாடுகிறார். பிற தேயத்து வணிகரின் சரக்குப் பொதிகள் அங்கே கிடக்கின்றன. பொதிகளின் மேல் எண்ணும் எழுத்தும் இடப்பட்டுள்ளன. உரியவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை. திருடத் துணிந்தவன் அப்பொதியைத் தன் தலையில் சுமந்து கழுத்து நோக வருந்துவான். பொருளோ அவனுக்குக் கிட்டாது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சரக்கின் மேல் உடையவன் பெயரை எழுதுவது அக்காலத்துத் துறைமுக வழக்கம். ஒருவன் பொருளை மற்றொருவன் தொடலாகாது என்பது அந்நகரின் அறம். அந்நகரிலே பிறந்து வளர்ந்த சாதுவன் இவ்வழக்கத்தை அறியாதவன் அல்லன். நாகர் மலையிற் கிடந்த குவியலில் பெயர்கள் அழியாமல் இருந்தனவா என்பதைச் சாத்தனார் சொல்லவில்லை. ஆயினும், அழிந்திருந்தால்கூட, எந்தெந்தக் கப்பல்கள் திரும்பவில்லை என்பது ஒரு துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பறையறைந்து கேட்டிருந்தால் பத்துப் பெண்கள் வந்திருப்பார்கள்.

சாத்தனாரைக் கூலவாணிகன் என்று மரபு வழங்குகின்றது. வரவும் செலவும் எழுதிப் பழகிய கை அது. அக்கை இந்த ஒரு கணக்கை எழுதாமல் விட்டது நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

மறுப்பும் விடையும்

இக்கருத்தை ஆசிரிய நண்பர் சிலரிடம் கூறியபோது மூன்று மறுப்புகள் எழுந்தன. அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

முதல் மறுப்பு: காப்பியத்தின் நோக்கம் கொல்லாமையை நிறுவுதல், சரக்குக் கணக்கைக் கேட்பது பொருந்தாது என்பது. கொல்லாமை அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொலையின் பயனாய் வந்த பொருளை அறத்தின் கைக்கூலியாய் ஏற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வி அந்த அறத்திற்குள்ளேயே எழுவது. வெளியிலிருந்து நாம் கொண்டுவந்து திணிப்பது அன்று.

இரண்டாவது மறுப்பு: சாதுவன் அப்பொருளைத் தானமாகக் கொடுத்துவிட்டான், ஆகையால் அவன்மேற் குற்றம் இல்லை என்பது. இது வலுவுள்ள மறுப்பு. உரியவர் அறியப்படாத பொருளை ஏழைகளுக்கு வழங்குதல் பல சமயங்களும் ஒப்பும் முறை. ஆனால் தேடிய பின்னரே ‘அறியப்படாதவர்’ என்று சொல்ல முடியும். தேடாமற் செய்த தானம் பிறர் பணத்தில் பெற்ற புகழ்.

மூன்றாவது மறுப்பு: இன்றைய நியாயத்தை அன்றைய மனிதர்மேல் ஏற்றுகிறோம் என்பது. பெயர் பொறித்த பொதிகளைப் பாடிய காலத்தின் நியாயத்தையே நாம் கேட்கிறோம் என்பது இதற்கு விடை. அதற்கு மேலும் ஒரு சான்று வடமொழியில் உண்டு.

மன்னன் முன் வந்த ஓலை

மறைமலையடிகள் தமிழாக்கிய காளிதாசனின் சாகுந்தலத்தை நம்மிற் பலர் படித்திருக்கிறோம். அதன் ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தனிடம் அமைச்சர் அனுப்பிய ஓலை வருகின்றது. தனமித்திரன் என்னும் கடல் வணிகன் கப்பல் உடைந்து இறந்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அவன் செல்வம் அரசனைச் சேரும் என்பது ஓலையின் செய்தி. மன்னன் உடனே கையெழுத்திடவில்லை. அவ்வணிகனுக்கு மனைவியர் பலர் இருக்கலாம். அவர்களில் எவளேனும் கருவுற்றிருக்கிறாளா என்று உசாவச் சொல்கிறான். ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்று தெரிகின்றது. கருவில் உள்ள குழந்தைக்கே தந்தையின் செல்வம் உரியது என்று தீர்ப்பளிக்கிறான்.

உசாவினான் என்பதே இங்குப் பெருமை. சாதுவன் செய்யாத ஐந்தாவது வினையைத் துஷ்யந்தன் செய்தான். ஆயினும் இத்தீர்ப்பையும் நாம் உற்று நோக்க வேண்டும். செல்வம் கருவுக்குக் கிடைத்தது, மனைவிக்குக் கிடைக்கவில்லை. கருவுறாத மற்ற மனைவியருக்கு என்ன கிடைத்தது என்று நாடகம் சொல்லவில்லை. இத்தனைக்கும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, மகனின்றி இறந்தவனுடைய வாரிசுகளின் வரிசையில் மனைவியைத்தான் முதலில் வைக்கின்றது. நூலில் எழுதிய உரிமை வேறு. கைக்கு வந்த உரிமை வேறு என்பது அன்றே தொடங்கிவிட்டது.

நம் புறநானூற்றிலும் இதன் நிழல் விழுந்துள்ளது. 249ஆம் பாட்டில் தும்பி சேர்கீரனார், பரந்த நாட்டுக்குத் தலைவனாயிருந்தவன் இறந்தபின், அவன் மனைவி கண்ணீரால் மெழுகும் இடம் ஒரு சுளகின் அளவே என்று காட்டுகிறார். அது பிண்டம் வைப்பதற்காக மெழுகிய இடம். புலவர் துயரத்தையே பாடினார். ஆயினும் அகன்ற நாட்டையும் சுளகளவு நிலத்தையும் அருகருகே வைத்தபோது, ஒரு சொத்துக் கணக்கும் அப்பாட்டுக்குள் தானே வந்து அமர்ந்துவிட்டது.

கண்ணகியின் கையில் இருந்தது

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கண்ணகியை நினையாதிருக்க முடியுமா? கணவன் இறந்த செய்தி கேட்டு வழக்கு மன்றத்துக்கு நேரே நடந்த பெண் அவள். அவளை நாம் சினத்தின் வடிவாகவே மேடைகளில் நிறுத்துகிறோம். அவள் கையில் இருந்ததைப் பார்ப்பதில்லை. அவள் கையில் இருந்தது ஒரு சிலம்பு. அது அவளுடைய சொந்தப் பொருள். வழக்கின் சான்றும் அதுவே. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று அவள் சொன்னாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னன் சொன்னான். உடைத்துப் பார்த்தபோது வழக்கு முடிந்தது. அழுகையால் அவள் வென்றாள் அல்லள், சான்றால் வென்றாள். தன் பொருள் இன்னது என்று அவளுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இல்லாதிருந்தால், அவளுடைய சினம் மன்றத்தின் வாயிலைக்கூடத் தாண்டியிராது.

ஆதிரையோ, வாய்ச்சொல்லாய் வந்த ஒரு செய்தியை நம்பித் தீப் புகுந்தாள். சாதுவன் மாண்டதைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் இல்லை. இன்று மலேசியாவில் நடப்பிலுள்ள 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்களே 7 ஆண்டுகளாக ஒரு செய்தியும் கேள்விப்படவில்லையெனில், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். கடலிற் போனவர் திரும்பி வரவும் கூடும் என்ற அனுபவத்துக்கு அச்சட்டம் இடம் வைத்திருக்கின்றது. ஆதிரைக்கு அந்த அவகாசத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. வானத்துக் குரல்தான் கொடுத்தது.

கடல் கடந்தபோது மாறிய உரிமை

நாகர் மலையை நக்கவாரத் தீவோடு இயைத்துக் கூறுவார் அறிஞருள் உளர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு துறைமுகத்திற்கு வரும் கப்பல் அத்தீவுகளின் தென்முனையை ஒட்டியே வரவேண்டும். 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் முன்னோரைச் சுமந்து வந்த ரஜூலாக் கப்பலின் வழியும் அதுவே. அங்ஙனமாயின் சாதுவன் நமக்கு அயலான் அல்லன். அவன் கலம் உடைந்த கடலைக் கடந்தே நாம் இங்கு வந்து சேர்ந்தோம். ஆகையால் அவன் கேளாத கேள்வியை இந்தத் துறைமுகத்தில் வைத்துக் கேட்பது பொருத்தமே.

1807ஆம் ஆண்டுச் சாசனத்தால் பினாங்கில் நீதிமன்றம் அமைக்கப்பட்டபோது, இறந்தவர் சொத்தை நிருவகிக்க ஆணை வழங்கும் அதிகாரமும் அதற்குத் தரப்பட்டது. குடிமக்களின் சமயமும் வழக்கமும் இடங்கொடுக்கும் அளவில் அவ்வதிகாரத்தைச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நாளடைவில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து இங்கிலாந்தின் 1670ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின் வழியிற் பிரிக்கப்பட்டது. அச்சட்டம் பிள்ளைகளோடு இருக்கும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தது.

இதன் வியப்பை எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து இறந்தவனின் மனைவிக்கு உணவும் உடையும் பெறும் உரிமையே இருந்தது. 1937ஆம் ஆண்டில்தான் இந்தியச் சட்டம் அவளுக்கு மகனுக்கு ஒப்பான ஒரு பங்கைத் தந்தது. அதுவும் வாழ்நாள் அளவில் அனுபவிக்கும் பங்கு. வேளாண் நிலம் அதில் அடங்கவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னரே அவள் தன் பங்குக்கு முழு உரிமையாளி ஆனாள். பினாங்கில் நிலையாய்க் குடியேறியவனின் மனைவிக்குக் கடல் ஒரு பங்கைக் கொடுத்திருந்தது. ஆனால் அதை அவளிடம் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அறியாத உரிமை நாகர் மலையிற் கிடந்த குவியலைப் போன்றது; முதலில் வந்தவன் எடுத்துக்கொள்வான்.

இன்று தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் உயில் இன்றி இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வழிகாட்டுகின்றது. அதிலும் நெடுங்காலம் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு; கணவன் இறந்து பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேற்றுமையை நீக்கி இருவரையும் ஒரே நிறையில் வைத்தது. இப்போது பிள்ளைகளும் இறந்தவரின் பெற்றோரும் இருந்தால் துணைவருக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இன்றிப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் துணைவருக்கு மூன்றில் ஒன்று. பிள்ளைகள் இன்றிப் பெற்றோர் மட்டும் இருந்தால் ஆளுக்குப் பாதி. இரு சாராரும் இல்லையெனில் முழுவதும் துணைவருக்கே. பினாங்கில் பெருந்தொகையாய் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரீஅத் முறை பொருந்தும். அதில் பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையெனில் நான்கில் ஒன்று. தாய்நாட்டில் வீடோ நிலமோ இருந்தால் அதற்கு அந்நாட்டுச் சட்டமே உரியது என்பதையும் மறக்கலாகாது.

ரொட்டி டின்னில் இருந்தவை

தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியனுக்குப் பாடம் நடத்துவதோடு மனு எழுதித் தருவதும் ஒரு வேலை. என் பழைய மாணவியின் தாயார், கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு பழைய ரொட்டி டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். “சார், இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவருதான் எல்லாம் பாத்துக்குவாரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார். முப்பது ஆண்டுக் குடித்தனம் அந்த டின்னுக்குள் இருந்தது. அதன் மூடியை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

திறந்து பார்த்தோம். சேமநிதிக்கு எழுதிய பெயர் கணவரின் தாயாருடையது. அவர் மணமாகுமுன் முதல் வேலையிற் சேர்ந்தபோது எழுதியது. அத்தாயாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். பெயர் குறிக்கப்பட்ட ஒரே ஆள் முன்னரே இறந்தால் அந்த நியமனம் பயனற்றுப் போகும். ஆதலால் எளிதாய் முடியவேண்டிய ஒரு காரியம், வாரிசு என்று மெய்ப்பிக்கும் பத்திரங்களைத் தேடி மாதக்கணக்கில் அலைய வைத்தது. இதற்கிடையில் மோட்டார் சைக்கிளை உறவினர் ஒருவர் ஓட்டிச் சென்றிருந்தார். வங்கிப் புத்தகத்தை மற்றொருவர் எடுத்து வைத்திருந்தார். அவர்கள் திருடர் அல்லர். பத்திரமாய் இருக்கட்டும் என்று எடுத்ததாகவே சொன்னார்கள். நானும் அதை நம்புகிறேன். சாதுவனும் நல்லவன்தான்.

அன்றுதான் எனக்கு ஆதிரை பிச்சையிட்ட காதையின் இறுதி அடிகள் வேறாய்ப் புலப்பட்டன. இறந்தவர் பொருள் நல்லவர் கைக்கே போனாலும், கேளாமற் போனால் அது கேட்கப்படாத பொருள்தான். சட்டமும் இதையே சொல்கின்றது. நீதிமன்றமோ, நில அலுவலகமோ, அமானா ராயா நிறுவனமோ முறைப்படி உரிமை அளிக்கும்வரை, உறவு என்ற ஒன்றே இறந்தவர் பொருளிற் கைவைக்கும் அதிகாரம் ஆகாது.

இவ்வம்மையாரின் திருமணம் பதிவு செய்யப்பட்டிருந்தது. அது பெரும் நன்மை ஆயிற்று. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய முறையில் நடந்த மணங்களை அது ஏற்றுக்கொண்டது. பின் நடப்பவற்றுக்குப் பதிவைக் கட்டளையிட்டது. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவை மறந்த குடும்பங்களில், கணவன் இறந்தபின் ‘நீ சட்டப்படி மனைவியா?’ என்ற கேள்வி எழுந்து நீதிமன்றம்வரை சென்றதுண்டு. ஊரறிய மணந்தவள், கணவனைப் புதைத்த மண் காயுமுன் தான் அவன் மனைவி என்று மெய்ப்பிக்க நிற்பதைவிடக் கொடிய காட்சி வேறு யாது? கண்ணகிக்காவது கையில் சிலம்பு இருந்தது.

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவை ஓரிடத்தில் இருக்க வேண்டும். சேமநிதிக்கும் காப்புறுதிக்கும் யார் பெயர் எழுதியுள்ளது என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். மணமானதும் புதிதாய் எழுத வேண்டும். சந்தா கட்டிய தொழிலாளி இறந்தால் சொக்சோவில் மனைவி மக்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கக்கூடும். அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உயில் எழுதியவர், முஸ்லிம் அல்லாதாராயின், பின்னர் மணம் செய்துகொண்டால் 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி அவ்வுயில் பொதுவாக அற்றுப்போகும் என்பதை அறிய வேண்டும். கணவனின் கடன்கள் அவன் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்பட வேண்டியவை. தான் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்காத கடனுக்கு மனைவி தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை. கடன்காரர் வாயிலில் நின்று அதட்டும்போது இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருப்பது பெருந்துணை.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

இவற்றை எல்லாம் சட்ட நூலில் தேடுக என்று சொல்லிவிட்டால் என்ன? தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை? எனக்குத் தோன்றுவது இதுதான். கைம்மையைப் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள எண்ணம் சட்ட நூலிலிருந்து வந்தது அன்று. காப்பியத்திலிருந்தும் பாட்டிலிருந்தும் வந்தது. கணவன் இறந்த வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது இழுக்கு என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். ‘அவரே போய்விட்டார், காசு எதற்கு?’ என்று சொல்பவளே உத்தமி என்று ஊரும் நினைக்கிறது. அவ்வெண்ணத்தை வளர்த்ததில் நம் வகுப்பறைக்கும் பங்கு உண்டு. ஆதிரையின் தீயை நீளப் பாடம் நடத்தி, அவள் வீட்டு முற்றத்தில் இறங்கிய பொருளைச் சொல்லாமல் விட்டவர்கள் நாமே.

ஆகவே இக்காதையை நீக்க வேண்டும் என்று நான் கூறவில்லை; முழுமையாய் நடத்த வேண்டும் என்றே கூறுகிறேன். சூதில் எல்லாம் இழந்து போன கணவன் திரும்பும்வரை ஆதிரை எதைக் கொண்டு இடைவிடாது அறம் செய்தாள் என்று மாணவரைக் கேளுங்கள். அவளுக்கென்று ஏதோ பொருள் இருந்திருக்க வேண்டும். அதை அவளே காத்திருக்கவும் வேண்டும். சாத்தனார் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அது இன்றி அமுதசுரபிக்கு முதற்பிச்சை இல்லை. ஆதிரையின் கற்பைப் போற்றும் நாம் அவளுடைய கணக்கறிவையும் ஊகித்துப் போற்றலாம்.

அதன்பின் சாதுவனின் பொருளைக் கேளுங்கள். ‘அது யாருடையது?’ என்ற ஒரு வினாவை வகுப்பிற் போட்டுவிட்டு ஆசிரியர் சற்று அமைதியாய் இருந்தால் போதும். பிள்ளைகளே பதில் தேடுவார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய், ‘அம்மா, நம் வீட்டுப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்த வீட்டில் டின்னின் மூடி உரிய காலத்தில் திறக்கப்படும்.